நனையாத படங்கள்

நிசாந்தன் இப்போதெல்லாம் என் கடைக்கு லமினேற் பண்ண வருவதில்லை. ஃபோட்டோ கொப்பி எடுப்பான், ஊருக்குப் பார்சல் போடுவான், "வாறன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். பதினைந்து வருடமாக அந்த மெசினுக்கு என்னைவிட அதிகம் வேலை கொடுத்தவன் அவன்தான். வயதில் எனக்கு இளையவன், எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், ஆகவே அவன் இவன் என்றுதான் எழுதப் போகிறேன். அவன் கோபிக்கிற ஆளில்லை.

என் கடை தெற்கு லண்டனில், நோர்பரியின் லண்டன் ரோட்டில் இருக்கிறது. பாஸ்போர்ட் படம், பிரிண்ட், பார்சல், அரசாங்க உதவிப் பணத்துக்குப் பெனிபிட் ஃபோம் நிரப்புவது என்று எல்லாம் செய்வேன். நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனால் கற்பூரமும் ஊதுபத்தியும் என்னிடம்தான் வாங்குவார்கள். "எமில்டா அக்காவின்ர வாய்க்குப் பயம், ஆனா கடை கிட்ட" என்று சனம் சொல்வது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு என்னிடமே வரட்டும், எனக்கென்ன.

நிசாந்தன் முதன்முதலில் வந்தது தன் விசாக் கடிதத்தோடு. பத்து வருடம் காத்திருந்து கிடைத்த கடிதம். "இதை ஒருக்கா லமினேற் பண்ணித் தாங்கோ அக்கா" என்று இரண்டு கைகளாலும் நீட்டினான். பிளாஸ்டிக் உறைக்குள் சூடாக வெளியே வந்ததை வாங்கி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு போனான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? மகள் மேனுஷாவின் தடுப்பூசி அட்டை, அவள் நீச்சலில் பத்து மீற்றர் கடந்த சான்றிதழ், 'மற்றப் பிள்ளைகளோடு நன்றாகப் பகிர்ந்து விளையாடினாள்' என்று நேர்சரியில் கொடுத்த மஞ்சள் தாள், மனைவி சுகிர்தா கெயார் ஹோமில் பயிற்சி முடித்த பத்திரம், எல்லாம் வந்தன. மகளின் பிறப்புச் சான்றிதழோடு வந்த அன்று நான் சத்தம் போட்டேன்.

"லமினேற் பண்ணினால் பாஸ்போர்ட்காரர் எடுக்காயினம், விசரா உனக்கு?"

"அப்ப கொப்பி எடுத்து அதைப் பண்ணுங்கோ அக்கா" என்றான். பண்ணிக் கொடுத்தேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் மெசின் சூடாகும் நேரத்தில் கேட்டேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க மழைக்குள் வெளிக்கிட்டதே, அந்தக் கதை. அதை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, நானும் அதே றோட்டில் நின்றவள்தான். நிசாந்தனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறான். நாவற்குழிப் பாலம் கடந்து பையைத் திறந்தால் உள்ளே கூழ். ஐந்து வருடம் கழித்து இங்கே வந்து, அகதி விசாரணை அறையில் மேசைக்கு முன்னால் இருத்திக் கேட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் திகதி, அதற்கு என்ன ஆதாரம்?

"மூண்டு தரம் கேட்டாங்கள் அக்கா. மூண்டு தரமும் உண்மையைத்தான் சொன்னனான். கையிலை ஒரு துண்டு இல்லை. நம்பேல்லை."

அதற்குப் பிறகு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்து கேள்வி கேட்டால் நிசாந்தனால் தாங்க ஏலாது. பாங்கில் என்றாலும் டொக்டரிடம் என்றாலும் ஒன்றுதான். வேர்க்கும். கை நடுங்குவது தெரியாமலிருக்க இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருப்பான். மேனுஷாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைச் சந்திக்கும் நாளில், ரீச்சர் வாயைத் திறக்கும் முன்னமே, விலாசத்துக்கு ஆதாரமாம், காஸ் பில்லை எடுத்து மேசையில் வைத்திருக்கிறான். அவளுக்கு அப்போது எட்டு வயது. அன்றிலிருந்து அவள்தான் எல்லா இடத்திலும் கதைப்பாள். "நீங்கள் பேசாமல் இருங்கோ அப்பா, நான் சொல்லுறன்." பில்லையும் அவளே எடுத்துத் தன் பைக்குள் வைத்துவிடுவாள்.

நிசாந்தனுக்கு மருந்துக்கடை வானில் வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் மேனுஷா என் கடைக்கு வந்து, பார்சல் நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருப்பாள். தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை படம் கீறுவாள். பெரும்பாலும் கரியால். வரிசையில் நிற்கிற சனத்தைக் கீறுவாள், ஃபோமைப் பிடித்திருக்கிற கைகளைக் கீறுவாள். ஒரு விரலால் கரியைத் தேய்த்துவிடுவாள், அந்தக் கை உடனே களைத்துப்போன கையாகிவிடும். எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் கைகளைப் பார்த்தால் யாருடையது என்று சொல்வேன்.

ஒருநாள் என்னையும் கீறினாள். பார்த்ததும் எனக்கே பயம் வந்தது.

"நான் இவ்வளவு கோவமாவே பிள்ளை இருக்கிறன்?"

"இல்லை அன்ரி, இண்டைக்குக் கொஞ்சம் குறைவு" என்றாள். அடிக்கக் கை ஓங்கினேன், சிரித்துக்கொண்டு ஸ்டூலோடு நகர்ந்தாள்.

பதினாறு வயதில் சேரக்கூடிய ஒரு கலைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளுக்கு ஆர்ட் ரீச்சர்தான் சொன்னது. ரெயினில் நாலு ஸ்ரேஷன். அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். ஆட்டம், பாட்டு, நடிப்பு, படம் எல்லாம் அங்கே உண்டு. இடமோ கொஞ்சம், கேட்கிற பிள்ளைகளோ நூற்றுக்கணக்கு. சுகிர்தாவுக்குப் பிள்ளை மருந்தாளர் ஆகவேண்டும். "படம் கீறி என்னத்தைச் சாப்பிடுறது?" என்று வீட்டில் சண்டை. நிசாந்தன் குறுக்கே நின்றான். என்னிடம் வந்து சொன்னான்: "அவள் இதுவரைக்கும் வாயைத் திறந்து ஒண்டும் கேட்டதில்லை அக்கா. இதைக் கேக்கிறாள்."

விண்ணப்பத்தை என் கொம்பியூட்டரில்தான் நிரப்பினோம். படம் கீறுகிறவர்களைத் தெரிவுசெய்வதற்கும் அங்கே 'ஓடிஷன்' என்றுதான் பெயர். நிசாந்தன் பயந்துபோனான். "இவளுக்குப் பாட வராதே அக்கா" என்று அவன் கேட்டதும் மேனுஷா தலையில் கை வைத்தாள். பிறகு தையில் ஒரு சனிக்கிழமைக்கு அழைப்பு வந்தது. பத்துப் படமும் சித்திரக் கொப்பியும் கொண்டு வரவேண்டும், இரண்டு ரீச்சர்மார் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். எங்கள் கடையில் அன்று கற்பூரம் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நிசாந்தன் இதைச் சொன்னான்.

ஓடிஷனுக்கு முந்திய கிழமை ஒரு நாள் மழை. மேனுஷா பஸ்ஸால் இறங்கி ஓடி வந்தாள். பையில் இருந்த ஒரு படம் நனைந்திருந்தது. கரி கரைந்து வழிந்து, அதிலிருந்த கிழவரின் முகம் சாக்கடைத் தண்ணீராகிவிட்டது. அந்தப் பிள்ளை என் கடைக்கு நடுவில் நின்று விம்மி அழுதாள். இரண்டு மாதத்து வேலையாம். நிசாந்தன் வந்து அந்தத் தாளைத் தன் கையில் வாங்கிப் பார்த்தான். அவன் எந்த மழையை நினைத்திருப்பான் என்று எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தான், கையில் அவளுடைய பெரிய கறுப்பு ஃபோல்டர். அவள் பள்ளிக்கூடத்தில். நனைந்ததற்குப் பதிலாக ஒரு புதுப் படம் கீறி, பத்தையும் வியாழக்கிழமையே அடுக்கி வைத்துவிட்டாள். சித்திரக் கொப்பியின் கம்பிச் சுருளை நிசாந்தன் குறட்டால் கழற்றி, ஒற்றை ஒற்றையாக எடுத்து வைத்திருந்தான். ஒரு தாளும் கிழியவில்லை.

"நாளைக்கும் மழையாம் அக்கா. எல்லாத்தையும் லமினேற் பண்ணுவம்."

"பிள்ளைக்குத் தெரியுமே?"

"தெரியாது. போய்த் திறந்து பாக்கட்டும்" என்று சொல்லி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான்.

எனக்கு மனதில் ஒரு சின்ன முள் குத்தியது. சும்மா கதை விடவில்லை, குத்தியது. பிள்ளைக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் பின்னால் மூன்று பேர் பார்சலோடு நிற்கிறார்கள், இவன் சின்னப் பிள்ளை மாதிரி நிற்கிறான், நானும் பெரிய உதவி செய்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டு மெசினைப் போட்டேன்.

பென்சில் படங்கள் நன்றாகத்தான் வந்தன, பளபளவென்று. அதைப் பார்த்து எனக்கும் துணிவு வந்துவிட்டது. பிறகு கரிப் படங்கள். சூட்டிலும் நெரிசலிலும் கரித்தூள் அமுங்கி, அவள் விரலால் தேய்த்த மெல்லிய இடமெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துவிட்டது. அங்கங்கே காற்றுக் குமிழ். "தம்பி, கொஞ்சம் இருண்டு போச்சடா" என்றேன். அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு. இனி ஆர் தொட்டாலும் அழியாது."

கடைசியாகப் போனது பஸ்டலால் கீறிய படம். நிசாந்தன் வானின் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிற படம், அவள் கீறியதிலேயே எனக்குப் பிடித்தது. பஸ்டல் மெழுகு அல்லவா, உருகிவிட்டது. மெசினால் வெளியே வந்தபோது ஒரு கண் கன்னத்துக்கு இறங்கி, வாய் காதுவரை இழுபட்டுக் கிடந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"பரவாயில்லை அக்கா" என்றான் நிசாந்தன். "அது நான்தானே."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் முழங்காலில் நிற்கிறேன், மனம் ஆறவில்லை.

மருந்துப் பெட்டி கட்டுவதுபோலக் குமிழித்தாள் சுற்றி, ஒட்டுநாடா ஒட்டி, வானுக்குள் வைத்துப் பூட்டினான். வீட்டில் போய், "எல்லாம் கட்டி வைச்சிட்டன், நீ யோசியாமல் படு" என்று சொல்லியிருக்கிறான். அவள் தகப்பனைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாளாம்.

திங்கட்கிழமை காலை லட்டுப் பெட்டியோடு வந்தான்.

"நல்லா நடந்ததாம் அக்கா. அவைக்கு நல்லாப் பிடிச்சதாம். வரேக்கை வானுக்குள்ளை கேட்டனான், பளபளப்பைப் பாத்திட்டு என்ன சொன்னவை எண்டு. 'வித்தியாசமா இருக்கெண்டு சொன்னவை அப்பா' எண்டாள். உங்கட மெசின்தான் அக்கா!"

எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. இரண்டு லட்டுச் சாப்பிட்டேன். அந்தக் கிழமை மேனுஷா கடைக்கு வரவில்லை, பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து படிக்கிறாளாம். அடுத்த கிழமை வந்தாள். ஸ்டூலில் இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பிள்ளை, ஒண்டும் கீறேல்லையே?" என்று கேட்டேன். "சோதினை வருது அன்ரி" என்றாள். அவள் கையைப் பார்த்தேன். நகத்துக்குள் எப்போதும் இருக்கிற கறுப்பு இல்லை. சுத்தமான கை. அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன வரும் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

மூன்றாம் கிழமை, ஒரு புதன்கிழமை, மூன்று மணிக்கு நிசாந்தன் அவசரமாக வந்தான். போனை நீட்டினான்.

"அந்தக் கலைப் பள்ளிக்கூடத்திலையிருந்து எனக்கு ஈமெயில் வந்திருக்கு. கடிதம் ஒண்டு இணைச்சிருக்கு, இந்தப் போனிலை திறக்குதில்லை. பிரிண்ட் எடுத்து லமினேற் பண்ணித் தாங்கோ அக்கா. அவள் வரேக்கை கையிலை குடுக்கப் போறன்."

பிரிண்ட் போட்டுவிட்டு, லமினேற் மெசினையும் சூடாகப் போட்டேன். அந்தப் பிளாஸ்டிக் உறையை விரித்துப் பிடித்துக்கொண்டு அவன் காத்து நின்றான். தாள் வெளியே வர வர நான் வாசித்தேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

"என்னவாம் அக்கா?"

நான் நல்லாய்ப் பொய் சொல்லக்கூடியவள். ஃபோம் நிரப்புகிற வேலையில் அது தேவை. அன்று ஒரு பொய்யும் வரவில்லை.

"கிடைக்கேல்லைத் தம்பி."

தாளை வாங்கி, கவுண்டரில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தான். இடம் தர முடியாததற்கு வருந்துகிறோம். ஓடிஷன் அன்று அங்கேயே இருந்து கீறியதில் திறமை தெரிந்தது. ஆனால், தன் எல்லாப் படங்களையும் சித்திரக் கொப்பியையும் தானே முடிவுசெய்து லமினேற் செய்ததாக மாணவி எங்களிடம் கூறினார். தான் பாவிக்கும் பொருட்களின் தன்மையை அவர் இன்னும் அறியவில்லை என்பதையே இது காட்டுகிறது. அந்த வரியில் விரல் நின்றுவிட்டது. திரும்ப வாசித்தான். மூன்றாம் தரமும் வாசித்தான்.

"தானே செய்தது எண்டு சொல்லியிருக்கிறாள்."

"ஓமடா தம்பி."

"அப்ப பழுதாப் போச்சு, அக்கா. நான் பழுதாக்கிப் போட்டன்."

"நானும்தான் சேந்து" என்றேன். அது அவன் காதில் விழவில்லை.

"மூண்டு தரம் நான் உண்மை சொன்னனான், ஒருத்தனும் நம்பேல்லை" என்றான். குரல் எழும்பவில்லை. "என்ர பிள்ளை ஒரு பொய் சொல்லியிருக்கிறாள், உடனை நம்பிட்டினம்."

கடையில் வேறு யாரும் இல்லை. கவுண்டரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குக் கிட்ட மேனுஷா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாளைக் கண்டாள், தகப்பனின் முகத்தைக் கண்டாள். பையைக் கழற்றாமலே நின்றாள்.

"வாசிச்சிட்டீங்களா அப்பா?"

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

அவள் பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்பாதான் விளங்காமல் செய்தவர் எண்டு சொல்லியிருக்கலாமே? அவை நல்ல ஆக்கள். இன்னொரு நாள் தந்திருப்பினம். புதுசாக் கீறிக்கொண்டு போயிருக்கலாம். ஏன் சொல்லேல்லை?"

"லைற் பட்டுப் பட்டு அவைக்கு ஒண்டும் தெரியேல்லை" என்றாள் மேனுஷா. அவனுக்குப் பதில் சொல்வதை விட்டு வேறெங்கோ தொடங்கினாள். "சரிச்சுச் சரிச்சுப் பாத்தவை. ஒரு மிஸ் நகத்தாலை உரிக்கப் பாத்தவா, உரியேல்லை. இதை ஆர் செய்தது எண்டு கேட்டவா. அப்பா எண்டு சொல்லத்தான் வெளிக்கிட்டனான்."

"பிறகு?"

"அப்பா வெளியிலை இருக்கிறாரா, அவரை உள்ளை கூப்பிடட்டா, அவரிட்டையும் கேப்பம் எண்டு சொன்னவா." கண்ணைத் துடைத்தாள். "அங்கை மேசைக்கு முன்னாலை ஒரு கதிரை கிடந்தது அப்பா."

நிசாந்தன் தராசுக்குப் பக்கத்தில் இருந்த அவளுடைய ஸ்டூலில் மெல்ல இருந்தான். இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். மேனுஷா கவுண்டரில் கிடந்த கடிதத்தை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். மெசின் சூடாகிப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் போய் அதை நிற்பாட்டினேன்.